ஒரு பலூன்கூட இல்லை

படக்கதைகளைப் பற்றிப் படிக்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்கள் சுரண்டப்படுவதை எட்டுப் பக்கம் வரைந்து வைத்திருக்கிறேன். நாளை கல்லூரியில் கொடுக்க வேண்டும்.

இன்று வேலூர் பஸ்ஸில், ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர் அதை வாங்கிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, ஓனர் பேசுறான், சூப்பர்வைசர் பேசுறான், உன்ன மாதிரியே ஒருத்தன் பக்கம் பக்கமா பேசுறான். நாங்க இன்னா ஊமையா?"

புரட்டினேன். பெண்கள் யாருக்கும் வசனம் எழுத ஒரு பேச்சு பலூன்கூட இல்லை. கண்ணீர் மட்டும் தாராளமாக இருந்தது.

"அவங்க மௌனமே பேசுதுக்கா" என்று உளறினேன்.

"எங்க வாயை அடக்க முடியாம சூப்பர்வைசரே பேஜாராவறான், போப்பா!" என்று சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்.

இப்போது பலூன் வைக்க இடம் தேடுகிறேன். எல்லாக் கட்டத்தையும் எனக்கு நானே எழுதிக்கொண்ட வசனம் அடைத்திருக்கிறது. வெட்கக்கேடு, ஒரு வரியைக்கூட வெட்ட மனசு வரவில்லை. இதைப் படிக்கிற நீங்களே வந்து வெட்டுங்கள்.