கெம்பிக்கு நான் கற்றுக்கொடுத்த பேச்சு

பழங்குடிப் பிள்ளைகளின் கல்வி பற்றிய கூட்டங்களுக்கு என்னைப் பேச அழைப்பவர்கள், எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். இந்த வேலைக்கு நீங்கள் எப்படி வந்தீர்கள்? என் அத்தையைப் பார்த்து வந்தேன் என்று சொல்வேன். கேட்பவர்களுக்கு முகம் மலர்ந்துவிடும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதியைச் சொன்னால் அவர்களுக்கு டீ இறங்காது என்று விட்டுவிடுவேன். டீ இல்லாத இடத்தில் அதை எழுதிப் பார்க்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் குடியிருந்தோம். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் ஒரு குளியலறை. அதற்குள் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அப்பா பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டினார். அத்தை பி.எட். படித்து, அரசுப் பள்ளியில் நிரந்தர வேலையும் வாங்கி, இரண்டே வருஷத்தில் அதை உதறிவிட்டு ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்திருந்தாள். காட்டுக்குள் வாழும் மக்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, அவர்களுக்காக மனுப் போடுவது, வேண்டியிருந்தால் கோர்ட்டுக்குப் போவது, இதுதான் அந்த அமைப்பின் வேலை. மாதத்தில் பாதி நாள் மைசூருக்கும் அப்பால் காட்டில் இருப்பாள். மீதி நாள் எங்கள் கூடத்தில் பாய் விரித்துக் காகிதங்களைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவற்றைத் தாண்டாமல் யாரும் சமையலறைக்குப் போக முடியாது. அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டும்போதெல்லாம், "கவர்மென்ட் வேலைய விட்டுட்டு கவர்மென்ட்டுக்கே லெட்டர் எழுதுற ஆள இந்த வீட்லதான் பாக்கலாம்" என்பாள். அத்தை நிமிராமலே சிரிப்பாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் அத்தை இரண்டு பேரை அழைத்து வந்தாள். ஒருத்தி என் வயதுப் பெண், கெம்பி. இன்னொருத்தி அவளுடைய அம்மா. இருவரும் வாசலில் செருப்பில்லாத கால்களைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, சுவரை ஒட்டி உட்கார்ந்தார்கள். எங்கள் வீட்டு மின்விசிறியைக் கெம்பி நிமிர்ந்து பார்த்த மாதிரி நான் எதையும் பார்த்ததில்லை. உடனே எனக்கு அவளைப் பிடித்துப் போய்விட்டது. மின்விசிறியை ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிக் காட்டினேன்.

அவர்கள் ஜேனு குறுபர், தேன் எடுக்கிற மக்கள் என்று அத்தை சொன்னாள். அவர்கள் வந்த காரணத்தை மதியச் சாப்பாட்டின்போது அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். கெம்பியின் ஊரில் ஓர் அறைப் பள்ளிக்கூடம் இருந்திருக்கிறது. பிள்ளைகள் குறைவு என்று அதை மூடிவிட்டு, எல்லோரையும் ஜீப்பில் ஏற்றிக் காட்டுக்கு வெளியே ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவர்கள் பாஷை யாருக்கும் தெரியாது. பேசினால் சிரிப்பார்கள், அடியும் விழும். கெம்பி ஒரு வருஷம் வாயே திறக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் அங்கிருந்து கிளம்பி, யானை நடமாடும் வழியில் இரண்டு நாள் நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். மறுநாள் திங்கட்கிழமை, அரசாங்கம் போட்ட ஒரு குழு பெங்களூரில் இந்த ஊர்க்காரர்களின் குறைகளைக் கேட்கப் போகிறது.

"நாளைக்கு கெம்பி சொல்றத அவங்க எழுதிக்கிட்டாங்கன்னா, ஜூன்ல ஊர்லயே ஸ்கூல் திறந்துடுவாங்கண்ணா. அவங்க ஆளுங்கள்லயே ஒரு பையன் படிச்சிருக்கான். அவனையே வாத்தியாரா போடச் சொல்லிக் கேட்டிருக்கோம்," என்றாள் அத்தை.

"எழுதிக்கலன்னா?"

"மறுபடி ஜீப் வரும்."

எங்கள் தமிழில் கெம்பிக்குப் புரிந்த ஒரே சொல் அதுதான் போலிருக்கிறது. சோற்றில் இருந்த அவள் கை நின்றது. அவள் அம்மா அவளுடைய முழங்காலில் கை வைத்தாள்.

அப்பா லேத் வேலைக்காரர். எதையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் விடமாட்டார். "பொண்ணு அங்க வந்து சரியா பேசுமா? சொல்லிக் குடுத்துட்டியா?" என்று கேட்டார்.

"சொல்லிக் குடுக்க மாட்டோம். எங்க ஆபீஸ்ல அது ஒரு கட்டுப்பாடு. நாம சொல்லிக் குடுத்தா அது நம்ம பேச்சாயிடும். அவ பாஷையில அவளுக்கு வர்றத சொல்லட்டும், நான் கன்னடத்துல எடுத்துச் சொல்றேன். அழுதா அழட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வருஷம் ஒக்கலிபுரத்தில் நடந்த பள்ளிகளுக்கு இடையிலான கன்னடப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசாக எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கியவள் நான். தமிழ் வீட்டுப் பெண் கன்னடத்தில் பரிசு வாங்கியதில் தெருவே என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியிருந்தது. மேடையில் நிற்பது எப்படி, எங்கே மூச்சு விடுவது, எந்த இடத்தில் கையை உயர்த்துவது எல்லாம் எனக்கு அத்துப்படி. அழுதா அழட்டும் என்று ஒரு பெரிய மனுஷி சொல்லலாமா? பாவம், கெம்பி அத்தனை பேர் முன்னால் நின்று அழுதால் மானம் போய்விடுமே என்று கவலைப்பட்டேன். அத்தைக்குக் காடு தெரியும், மேடை தெரியாது என்று முடிவு கட்டினேன்.

அன்று சாயங்காலம், சில காகிதங்களில் கைநாட்டு வாங்குவதற்காக அத்தை கெம்பியின் அம்மாவை ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். அப்பா தூங்கினார். அம்மா தண்ணீர் பிடிக்கத் தெருக்குழாய்க்குப் போனாள். எனக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது.

முதலில் கெம்பிக்கு முகம் கழுவிப் பவுடர் பூசினேன். அவள் தலையை எண்ணெய் வைத்து இழுத்து வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, சிவப்பு ரிப்பன் கட்டினேன். பிறகு பேச்சு. பள்ளிக்கூடம் கேட்கப் போகிற இடத்தில் பள்ளிக்கூடத்தைப் புகழ்ந்து பேசினால்தானே கொடுப்பார்கள்? அதற்குத் தோதாக 'எங்கள் பள்ளி' என்று ஒரு கன்னடப் பேச்சு என்னிடம் தயாராக இருந்தது. எங்கள் பள்ளி அழகிய பள்ளி. எங்கள் ஆசிரியர்கள் எங்களைப் பெற்றோரைப் போல நேசிக்கிறார்கள். வீட்டைவிடப் பள்ளியே எனக்கு இனிமையானது. இதை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுத்தேன். வாத்தியார் போலத் தெரிய வேண்டும் என்று கையில் ஓர் அடி ஸ்கேலையும் எடுத்துக்கொண்டேன்.

ஸ்கேலைப் பார்த்ததும் கெம்பி எழுந்து நின்று கையை நீட்டினாள். விளையாட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டாளே என்று எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளங்கையில் லேசாகத் தட்டிவிட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு தவறும் செய்யவில்லை. கன்னடம் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஒரு வருஷம் பேசாமல் இருந்தாளே தவிர, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மூன்றாம் முறை சொன்னபோதே முழுப் பேச்சும் வந்துவிட்டது. இத்தனை நல்ல மாணவியை அடித்தார்கள் என்றால் அந்த வாத்தியார்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"அத்தை கிட்ட சொல்லாதே, நாளைக்கு ஆச்சரியப்படட்டும்," என்று கன்னடத்தில் சொன்னேன். அவள் தலையாட்டினாள். நான் எது சொன்னாலும் தலையாட்டினாள்.

மறுநாள் அந்தக் கூட்டம் ஒரு பெரிய அரசாங்கக் கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. எனக்கு லீவுதானே என்று அத்தை என்னையும் கூட்டிப் போயிருந்தாள். கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். முன்னால் நீள மேசை. அதற்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தாத்தா வயதுக்காரர், நல்ல மனிதர். அன்று காலை பஸ்ஸில் வந்திருந்த கெம்பியின் ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் பேசும்போது குறுக்கிடாமல் கேட்டார். கெம்பியின் அம்மா அவர்கள் பாஷையில் பேசினாள், அத்தை கன்னடத்தில் சொன்னாள். நடுவில் அந்த அம்மாள் தன் புறங்கையைக் காட்டி, விடுதியில் மகளுக்கு அங்கேதான் அடி விழும் என்றாள். மேசையில் இருந்த பெண்மணி விறுவிறுவென்று எழுதினார்.

பிறகு கெம்பியைக் கூப்பிட்டார்கள். "நீ பேசறியா கொழந்தே? பெரியவங்க சொல்றத விட நீ சொன்னாதான் எங்களுக்கு நல்லா புரியும். குழந்தைங்க பொய் சொல்லாது," என்று பெரியவர் கன்னடத்தில் சிரித்தபடி கேட்டார்.

கெம்பி மைக் முன்னால் போய் நின்றாள். ரிப்பன் நேராக இருந்தது. கைகூப்பினாள். மூச்சு விட வேண்டிய இடத்தில் மூச்சு விட்டாள். எங்கள் பள்ளி அழகிய பள்ளி என்று ஆரம்பித்து, வீட்டைவிடப் பள்ளியே எனக்கு இனிமையானது என்பதுவரை ஒரு சொல் பிசகவில்லை. கையை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தினாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நான் பரிசு வாங்கிய அன்றுகூட இத்தனை நன்றாகப் பேசவில்லை.

அத்தை நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நின்றாள். அவர்கள் பாஷையில் கெம்பியிடம் மெல்ல ஏதோ கேட்டாள். உன் பேச்சில் சொல், நடந்ததைச் சொல் என்று கேட்டிருக்க வேண்டும். கெம்பி திரும்பி அத்தையைப் பார்க்கவில்லை. அத்தனை தலைகளுக்கு மேலாக, கடைசி வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். சொல்லிக் கொடுத்ததைத் தாண்டி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது போட்டி விதி. நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். "எல்லா சென்னாகிதே" என்றாள் கெம்பி மைக்கில். எல்லாம் நன்றாக இருக்கிறது.

பெரியவர் கை தட்டினார். மேசையில் இருந்த மற்ற இருவரும் தட்டினார்கள். நானும் எழுந்து நின்று தட்டினேன். விடுதியின் சார்பில் வந்திருந்தவர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார் என்பது இப்போதும் கண்ணில் நிற்கிறது. "ஒரு வருஷத்துல இவ்வளவு அழகான கன்னடம்! இதவிட என்ன வேணும்?" என்று பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். தன் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்துக் கெம்பிக்குக் கொடுத்தார். கெம்பியின் அம்மா மறுபடி எழுந்து பேசத் தொடங்கினாள். நேரமாகிவிட்டது என்று சொல்லி உட்கார வைத்தார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அத்தை என்னிடம், "யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டாள்.

"நான்தான்!" என்றேன். எப்படியாவது அவள் கேட்டுவிட மாட்டாளா என்று காத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை என்னைப் பார்த்தாள். "ம், நல்லா சொல்லிக் குடுத்திருக்க," என்றாள். வெளியே திரும்பிக்கொண்டாள். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் கெம்பியையும் அவள் அம்மாவையும் பஸ் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்ததும் அத்தை குளியலறைக்குள் போய்த் தாளிட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. பிடித்து வைத்த தண்ணீரெல்லாம் தீர்கிறதே என்று அம்மா கதவைத் தட்டினாள். எனக்கு அம்மாவின் பக்கம்தான் நியாயம் என்று பட்டது.

அத்தை ஒரு நாளும் என்னைத் திட்டவில்லை. அன்றே நாலு அறை விட்டிருக்கலாம் என்று பின்னால் பலமுறை நினைத்திருக்கிறேன். அவளுடைய ஆபீசிலேயே நானும் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பழைய காகிதக் கட்டில் அந்தக் குழுவின் அறிக்கை கையில் கிடைத்தது. விடுதி திருப்தியாக நடக்கிறது, அதற்குச் சான்றாக ஒரு மாணவி சரளமான கன்னடத்தில் மகிழ்ச்சியாகப் பேசினாள் என்று ஒரு பத்தி இருந்தது. அவள் பெயரைக்கூடப் போடவில்லை. அந்த விடுதியால் ஒரு வருஷம் முயன்றும் முடியாததை நான் ஒரு சாயங்காலத்தில், பவுடர் பூசி, பிரியமாகச் செய்து முடித்திருந்தேன். இன்றைக்கும் எந்த ஊருக்குப் போனாலும், சாட்சி சொல்ல வருகிற பிள்ளை என்னைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். திமிர் பிடித்தவள் என்று சிலர் சொல்வதுண்டு.

ஆனால் இதெல்லாம் வெகுநாள் கழித்து. அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அத்தை காட்டிலிருந்து திரும்பி வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய்க் கெம்பி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"ஜீப் வந்துச்சு. போயிட்டா," என்றாள் அத்தை.

"அழுதாளா?"

"இல்ல. அவங்க அம்மாதான் அழுதாங்க. இவ தானாவே ஏறி உக்காந்துக்கிட்டா."

"என்னப் பத்தி கேட்டாளா?"

அத்தை நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டாள். "கேட்டா," என்றாள் பிறகு. "ஏறும்போது கேட்டா. நீ சொல்லிக் குடுத்ததுல ஏதாச்சும் தப்பா சொல்லிட்டாளாம், அதனாலதான் ஜீப் வந்துச்சாம். எந்த எடத்துலன்னு உன்ன கேட்டுச் சொல்லச் சொன்னா."

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அவள்மேல் பரிதாபமாகவும் இருந்தது. நல்ல மாணவிகள் இப்படித்தான், தேவையில்லாமல் பயப்படுவார்கள்.

"ஒரு தப்பும் இல்ல, எல்லாம் சரியா சொன்னான்னு சொல்லிடு அத்தை," என்றேன். அத்தை சரி என்று தலையாட்டினாள். நான் விளையாடப் போய்விட்டேன்.