வேண்டாம் அண்ணன் பார்த்த ஏழாவது டிராக்டர்

என் நாத்தனார் கணவரை எங்கள் குடும்பத்தில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால் அவர் ‘வேண்டாம்’. என்னைப் போல் மரியாதை தெரிந்தவர்களுக்கு ‘வேண்டாம் அண்ணன்’. பழைய சாமான் எதை வாங்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டு போவோம். சுற்றிச் சுற்றிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், மோந்துகூடப் பார்ப்பார். கடைசியில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொள்வார். உதிரிபாகக் கடை கவுன்ட்டரில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் நிற்கிறவர். எந்த வண்டியில் எது எப்போது உடையும் என்பது அவருக்கு அத்துப்படி. உடையாதது என்று ஒன்று உண்டு என்பதைத்தான் அவர் நம்பியதில்லை.

எனக்கோ பொறுமை மருந்துக்கும் கிடையாது. இரண்டு வருஷத்தில் ஆறு டிராக்டர் பார்த்தோம். ஆறுக்கும் வேண்டாம்தான். முதல் வண்டி சிவப்புப் பெயின்ட்டில் புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. அண்ணன் என்ஜினைத் தொட்டார். “நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கி வச்சிருக்காங்க. ஆறினதுக்கப்புறம் இது ஸ்டார்ட் ஆகாது” என்றார். அவர் வேண்டாம் என்ற நாலாவது வண்டியைப் பக்கத்து நிலத்துக்காரர், “உங்க அண்ணனுக்கு வேற வேலை இல்ல” என்று என்னிடமே சொல்லிவிட்டு வாங்கினார். இன்று அதில் கோழிகள் அடைகின்றன. அப்போதெல்லாம் அண்ணனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இப்போது அந்த ஆறு வேண்டாமுக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

திட்டியதற்கும் காரணம் இருந்தது. நான் பயிர் செய்வது குத்தகை நிலம். என் கணவர் பஸ் ஓட்டுகிறார். நிலம் முழுக்க என் பாடு. மழை பெய்து, ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். அந்த நாலைந்து நாளில் எல்லோரும் வாடகை டிராக்டருக்கு அலைவார்கள். என் முறை கடைசியில்தான் வரும். இரண்டு வருஷமாக விதைப்பு தள்ளிப்போய், பாதி நிலம் தரிசாகக் கிடந்தது. நிலத்தின் சொந்தக்காரர் தன்மையாகத்தான் சொன்னார்: “இந்த மழைக்கும் தரிசா கிடந்தா, வேற ஆளுக்கு விட்டுடுவேம்மா.” மழைக்கு மூன்று வாரம் இருந்தது.

ஏழாவது டிராக்டர் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒரு காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்று பந்தயமே கட்டலாம். இருக்கையில் சாக்கை மடித்துப் போட்டிருந்தார்கள். விற்பவர் எழுபதைத் தாண்டிய விவசாயி. மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார்.

“மூணாவது மாடி. இவன எங்க நிறுத்துறது, சோபா பக்கத்துலயா?” என்று சிரித்தார். பிறகு அவரே குனிந்து, என்ஜினின் பக்கவாட்டைத் துணியால் துடைத்தார். “மறைச்சு விக்க எனக்கு மனசு வராது. பிளாக்ல இங்க ஒரு விரிசல் இருந்துச்சு. வெல்டிங் வச்சது. நல்லா பாத்துக்குங்க.”

பிளாக்கில் விரிசல் என்றால் என்ஜினின் உடம்பிலேயே விரிசல்; உள்ளே ஓடும் தண்ணீர் அது வழியாக ஒழுகிவிடும். வார்ப்பிரும்பு வேறு. பற்றவைத்தாலும் ஆறும்போது மறுபடி விட்டுவிடும்; அது எனக்கே தெரியும். இதோ வரப்போகிறது ‘வேண்டாம்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அண்ணன் குனிந்தார். விரிசலின் ஒரு முனையை விரலால் தடவினார். எழுந்து, கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். “என்னண்ணே, வேண்டாம்னு சொல்லக்கூட வாய் வலிக்குதா?”

“இத நான் பாக்க முடியாதும்மா. வேற ஆளக் கூட்டிட்டு வா.”

“மூணு வாரத்துல மழை. வேற ஆளுக்கு நான் எங்க போவேன்?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அந்த வெல்டிங் நான் வச்சது” என்றார்.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பட்டறையில் வேலை. விரிசல் மேலும் ஓடாமல் இருக்க இரண்டு முனையிலும் துளை போட்டிருக்கிறார். ஒரு துளை போடும்போது கை வழுக்கி, பக்கத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. அதைத்தான் இப்போது தடவினார். ஒரே மூச்சில் பற்றவைக்காமல், விரல் நுனி அளவு வைத்து, மெல்லத் தட்டி, சுடுசாம்பலால் மூடி ஆறவிட்டு, மறுபடி வைத்து, முழுசாக இரண்டு நாள். “ஒரு வேலைக்கு ரெண்டு நாளா?” என்று பட்டறை முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிட்டார். ஆறு மாதம் கழித்து வழியில் பார்த்தபோது அந்த வண்டி என்ன ஆயிற்று என்று இவர் கேட்டிருக்கிறார். “அது எப்பவோ காயலான் கடைக்குப் போயிருக்கும். அந்த ஆளு அப்புறம் இந்தப் பக்கமே வரல” என்றாராம் முதலாளி.

“என்னை நம்பின மனுஷன் நிலம் தரிசா போச்சுன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் வெல்டிங் ராடைக் கையால தொடல. யாருக்கும் ‘வாங்கு’ன்னு சொல்லவும் வாய் வரல.”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. “அண்ணே, உங்க கடைக்கு யாரு திரும்பி வருவா? போட்ட சாமான் சரியில்லாதவங்கதானே? சரியா இருந்தா எதுக்கு வர்றாங்க?”

இத்தனை வருஷம் கவுன்ட்டரில் நின்ற மனுஷனுக்குத் தன் விஷயத்தில் மட்டும் இது தோன்றவே இல்லை.

அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே போய், வெளியே நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கேட்டேன்: “ஐயா, இது எத்தனை தடவை ஒழுகியிருக்கு?”

“ஒழுகுறதா? இருபத்தெட்டு வருஷமாச்சு, ஒரு சொட்டு இல்ல. ஒரு பையன் பண்ணினான்மா. கையைச் சுட்டுக்கிட்டான். முதலாளிக்குத் தெரியாம அத மறைச்சுக்கிட்டே வேலை பாத்தான். அப்புறம் பட்டறைக்குப் போற தேவையே வரல. நாலஞ்சு வருஷம் கழிச்சு அவனப் பாக்கணும்னே போனேன். பட்டறையே இல்ல. அந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். எங்க இருக்கானோ.”

கேட்டோரம் நின்ற அண்ணன் இடது கைச் சட்டையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார். இவருக்கு அன்று தலை நிறைய முடி; இன்று எண்ணிவிடலாம். பெரியவருக்கு எப்படி அடையாளம் தெரியும்? சொல்லிவிட எனக்கு வாய் துடித்தது. அண்ணன் கண்ணாலேயே அடக்கினார். பக்கத்தில் வந்து, “இப்பச் சொன்னா விலையைக் குறைக்கத்தான் சொல்றோம்னு நினைப்பாரு” என்று முணுமுணுத்தார்.

பிறகு மூன்று மணி நேரம், மற்ற ஆறு வண்டிகளிடமும் காட்டாத கறாரை இதனிடம் காட்டினார். ஓட்டினார், ஆறவிட்டார், மறுபடி ஸ்டார்ட் செய்தார். கலப்பையைத் தூக்கி நிறுத்தி, அது இறங்குகிறதா என்று கடிகாரமும் கையுமாக நின்றார். கடைசியில் குற்றப்பத்திரிகை வாசித்தார்: கிளட்ச் தேய்ந்திருக்கிறது, கலப்பை மெல்ல இறங்குகிறது, பின் டயர் இரண்டும் ஒரு வருஷம் தாங்கினால் அதிகம். “இதெல்லாம் சரி பண்ணிடலாம். விரிசலைப் பத்தி மட்டும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். முடிவு நீ எடு.”

“அந்த விரிசலை நம்பித்தான் வாங்குறேன்” என்றேன். பேரம் பேசக்கூட எனக்கு வாய் வரவில்லை. இதை மட்டும் என் கணவர் இன்றுவரை நம்பவில்லை.

கிளட்ச்சை அண்ணனே மாற்றிக் கொடுத்தார். மழை சொன்னபடி வந்தது. மூன்றாம் நாள் காலையில் நான் டிராக்டரில் ஏறினேன். அண்ணன் கடைக்கு லீவு போட்டுவிட்டு வரப்பில் நின்றார். ஒவ்வொரு சுற்றுக்கும் கையைக் காட்டி நிறுத்துவார், விரிசல் மேல் விரலை ஓட்டுவார், விரலைப் பார்ப்பார், போ என்பார். வேறு யாராவது இப்படி நிறுத்தியிருந்தால் என் வாயில் என்ன வந்திருக்குமோ. அன்றைக்கு ஒவ்வொரு தடவையும் பிரேக்கை மிதித்துக் காத்திருந்தேன். வாடகை டிராக்டர் எங்கள் பக்கம் எட்டிப் பார்ப்பதற்குள் பாதி நிலம் உழுதாகிவிட்டது. நிலத்தின் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, “அடுத்த வருஷமும் நீயே பண்ணும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் பெரியவர் போன் செய்தார். “அங்க நல்ல மழையாமே. எப்படிம்மா ஓடுறான்? ஒழுகுதா?”

“பக்கத்துலயே ஆள் இருக்காரு, அவரையே கேளுங்க” என்று போனை அண்ணனிடம் நீட்டினேன். இனிமேல் யாரும் விலையைப் பற்றி எதுவும் நினைக்க முடியாது. அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

“ஒரு சொட்டு இல்லைங்க” என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஐயா... அந்தப் பையன் நான்தாங்க.”

லைன் போய்விட்டதோ என்று அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அப்போதுதான் அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

“கை ஆறிடுச்சாப்பா?”

அண்ணன் இடது மணிக்கட்டைத் திருப்பி, முதல் தடவை பார்ப்பது போல் அந்தத் தழும்பைப் பார்த்தார்.

“ஆறிடுச்சுங்க” என்றார்.