தள்ளாட்டக்காரர்

போன வாரம் முழங்கால் வலிக்கு க்ரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டேன். வெளுத்த பருத்தியின் அந்த வாடை மூக்கில் ஏறியதும் வலி மறந்து ஸ்டீல் கிட்டார் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், சம்பந்தம் இருக்கிறது.

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் மில்லில் வேலை பார்த்தேன். அங்கே ஃபிட்டராக இருந்த ஞானராஜ் என் கூட்டாளி. பட்டாளத்திலிருந்து திரும்பிய அவன் மாமா ஒரு ரெக்கார்டு பிளேயரையும், டிரங்குப் பெட்டி நிறைய அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு ரெக்கார்டுகளையும் அவன் தலையில் கட்டியிருந்தார். பிளேயரில் தட்டைச் சுற்றவைக்கும் பெல்ட் இல்லை. மதுரைக்குப் போய் வாங்கச் சோம்பல்பட்டு, மில்லில் கழித்துப்போட்ட க்ரேப் துணியில் ஒரு கீற்றுக் கிழித்து, வளையமாகத் தைத்து மாட்டினேன். தட்டு சுற்றியது. அதற்குமேல் யோசிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

பாட்டில் ஒரு வார்த்தை புரியாது. ஆனால் இடையில் ஸ்டீல் கிட்டார் வரும் பாருங்கள், கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வழுக்கி வாசிப்பது, அதற்காகவே ஊசியைத் திரும்பத் திரும்ப எடுத்து வைப்போம். உறையில் பாடியவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். வாசித்தவர் பெயர் பொடி எழுத்தில்கூட இருக்காது. எங்களுக்குப் பொறுக்கவில்லை. வாசிப்பை வைத்து ஆளைப் பிரித்து நாங்களே பெயர் வைத்தோம். மூக்கடைப்புக்காரர், தொட்டிலாட்டி, அவசரக்காரர். எல்லாருக்கும் மேலே ஒருவர். ஒரே ஒரு கனத்த ரெக்கார்டில் மட்டும் வருவார். அவர் சுரம் நீண்டுகொண்டே போய், தொய்ந்து, விழப்போய், தட்டுத்தடுமாறி எழும். தள்ளாட்டக்காரர். எதிர்வீட்டு நாய் அந்த இடத்தில் கூடவே ஊளையிடும். அதையும் ஞானராஜ் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தபால் ஆபீசில் கோபாலன் என்று ஒருவர் இருந்தார். எங்கள் வயதுதான் என்றாலும் சார் என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, எந்தப் பாட்டில் ஸ்டீல் கிட்டார் யார் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். அந்த நோட்டில் தள்ளாட்டக்காரரை ஏற்றியே தீருவது என்று ஞானராஜ் ஒற்றைக்காலில் நின்றான். தபால் ஆபீசுக்கே போய்ச் சொன்னோம்.

"அந்த ரெக்கார்டு எங்கிட்டயும் இருக்கே. அப்பிடி ஒண்ணும் தள்ளாடலையே."

"உங்க ரெக்கார்டுல வேற ஆளு வாசிச்சிருப்பாரு சார். ஒரு மட்டம் வந்து கேளுங்க."

மழை நசநசத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். ஞானராஜ் கல்யாண வீட்டுச் சட்டையைப் போட்டிருந்தான். ஈரத்தாலோ என்னவோ, தள்ளாட்டக்காரர் அன்று உச்சத்தில் இருந்தார். சார் கண்ணை மூடினார். வாய் தானாகத் திறந்தது. நோட்டை விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார். ஞானராஜ் என் தொடையைக் கிள்ளினான். ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

"ஆமா, பாடுறவரு குரலும் கூடவே இறங்குதே?"

"வாசிப்புல சொக்கிட்டாரு சார்."

சார் பேனாவை மூடினார். ரெக்கார்டை எடுத்தார். அடியில் சுழலும் தட்டையும் தூக்கினார். என் பேண்டேஜ் வளையம் கனத்த ரெக்கார்டைச் சீராக இழுக்க மாட்டாமல் தொளதொளத்துக் கிடந்தது.

"இதத் தச்சது யாரு?"

நான் உத்தரத்தைப் பார்த்தேன். "இவந்தான் சார்" என்றான் உயிர்த்தோழன்.

சார் சிரித்துச் சிரித்து இருமினார். "அப்ப நோட்டுல இவரு பேரத்தாம்ப்பா எழுதணும்."

நல்ல மனிதர். அடுத்த வாரமே அசல் ரப்பர் பெல்ட் ஒன்றைத் தபாலில் அனுப்பிவைத்தார். மாட்டினோம். பாட்டு பிசிறில்லாமல் நேராக ஓடியது. ஞானராஜ் கடைசிவரை கேட்டான்.

"நல்லாத்தான் வாசிக்கான். ஆனா இவன் எவனோலே. அவரு எங்க?"

பழைய வளையத்தை வெட்கத்தில் நான் சார் வந்த அன்றைக்கே சாக்கடையில் எறிந்திருந்தேன். புதிதாக ஏழெட்டு தைத்துக் கொடுத்தேன். இறுக்கித் தைத்தேன், தளர்த்தித் தைத்தேன், தண்ணீரில் நனைத்தும் பார்த்தேன். ஒன்றில் தட்டு நின்றது, ஒன்றில் ஓடியது. அவர் வரவேயில்லை.

"இருந்தது ஒரே ஒரு ஆளு. அவரையும் சாக்கடையில போட்டுட்டியேலே" என்றான் ஞானராஜ். நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

மில்லை இடித்து மண்டபம் கட்டிவிட்டார்கள். கோபாலன் சாருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது. ஞானராஜ் போன மாசியில் போய்ச் சேர்ந்தான். தள்ளாட்டக்காரர் என்று ஒருவர் வாசித்தார் என்பதற்குச் சாட்சி இனி நான் ஒருவன்தான். தைத்தவனே நான் என்பதால் என் சாட்சியும் செல்லாது.