குல்சார் லேப்டாப்பைத் திறந்த நாள்

நான் ஐந்தாவது தாண்டாதவன். பவர் டேபிள் என்கிற ஒற்றை மோட்டார் தையல் மிஷினில் தைக்கத் தொடங்கி, பெருமாநல்லூரில் பனியன் கம்பெனியை என் கையாலேயே கட்டினேன். கடன்காரனுக்கோ கரண்ட் ஆபீசுக்கோ நான் பயந்ததில்லை. என்னை நடுங்க வைத்தவள் ராயபுரத்துக் குல்சார் பேகம்தான்.

டி-சர்ட்டில் அச்சடிக்கும் படங்களை அவள் எங்கள் பழைய லேப்டாப்பில் வரைவாள். 1998. ஆபீசில் பெண் எதற்கு என்று என் தம்பி ஆத்தப்பன் முனகிக்கொண்டே இருந்தான். ஜெர்மனி ஆர்டருக்கு அவள் வரைந்த மயில் பெரிதாகிப் பெரிதாகி, திறந்தாலே லேப்டாப் நின்றுவிடும். வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோகலாம் என்றால் பிளாப்பியிலும் அடங்காது. மறுநாள் மயிலைப் பார்க்க ஜெர்மனி பையர் வருகிறார். மயில் திறக்காவிட்டால் ஆர்டர் போகும். அவள் வேலையும் போகும்.

லேப்டாப்பின் மெமரியைக் கூட்டினால் திறக்கும் என்றாள். கோயமுத்தூர் போய் உள்ளே பொருத்தும் விரல் நீள மெமரி கார்டை நானே வாங்கி வந்தேன். குல்சார் பேட்டரியைக் கழற்றி, அடிமூடியைத் திறந்தாள். உள்ளே பனியன் பஞ்சு அடை அடையாக இருந்தது.

எங்கள் ஊரில் மிஷினைத் திறந்தால் முதலில் ஏர் அடிப்பார்கள். மெக்கானிக் வெள்ளையன் கம்ப்ரசர் குழாயோடு வந்துவிட்டான்.

"தள்ளு கண்ணு, ஒரே ஊது."

"வேண்டாங்கண்ணா!"

ஊதிவிட்டான். கம்ப்ரசர் டேங்கில் தேங்கும் தண்ணீரை அன்று யாரும் திறந்துவிடவில்லை. பஞ்சு பறந்த இடத்தில் பொடிப்பொடியாகத் தண்ணீர் தெறித்தது.

குல்சார் முகம் வெளுத்தது.

"அடுப்புல காட்டலாமுங்களா?" என்றான் வெள்ளையன்.

"மொதல்ல உங்க தலையக் காட்டுங்க!"

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் அயர்ன் மேசைக்கு ஓடினாள். அந்த மேசைக்கு அடியில் மோட்டார் ஓடும். துணியின் ஈரத்தைக் கீழே உறிஞ்சும். திறந்த பக்கத்தைக் கவிழ்த்து வைத்து மோட்டாரைப் போட்டாள்.

ஆத்தப்பன் எட்டிப் பார்த்தான். "ஏனுங்கண்ணா, கம்ப்யூட்டருக்கு இஸ்திரியா?"

"ஆமாண்டா, கசங்கிப் போச்சு," என்றேன். சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் ஈரம் காய்ந்ததும் புதுக் கார்டை உள்ளே அழுத்திப் பொருத்தி, பேட்டரியைப் போட்டாள். "பிஸ்மில்லா" என்று முணுமுணுத்து சுவிட்சைத் தட்டினாள். திரை கருப்பாகவே கிடந்தது. பிறகு மூலையில் எண்கள் ஓடின. பழைய மெமரியின் எண்ணையும் தாண்டி ஓடின. மயில் தோகையோடு திறந்தது.

குல்சார் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "என் கையப் பாருங்க மொதலாளி, இன்னும் ஆடுது."

என் கைகளை நான் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தேன். அவிழ்க்கவில்லை.