தந்தையின் தொழில்: இல்லை

தெருவில் அவனுக்கு ‘அண்ணி’ என்று பெயர். நாற்பத்து நான்கு வயது, அடர்ந்த மீசை, வாசல் நிலையில் குனிந்து நுழைகிற உயரம், இரும்பைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை. இத்தனையும் உள்ள ஆள் அண்ணி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அவன் மனைவிக்கு ‘அண்ணன்’ என்று பெயர். அவள் முகத்துக்கு நேரே அதைச் சொல்ல எவனுக்கும் தைரியம் கிடையாது. இவனிடம் சொல்லலாம், இவன் சிரித்துக்கொள்வான்.

பெயர் வைத்த புண்ணியவான் முடிதிருத்துகிறவர். கடை நிறைய ஆள் காத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, இவன் கழுத்தில் துணியைக் கட்டிவிட்டு, “மீசை எதுக்கு அண்ணி, எடுத்துடலாமா?” என்று கேட்டார். கடையே குலுங்கிச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்தனுக்காவது தன் பிள்ளையின் செருப்பு என்ன அளவு என்று தெரியுமா, கேட்டுப் பாருங்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் லேத்தில் நின்று, இரும்புத் தண்டை மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுத்தவன் அவன். நான் அவனை டர்னர் என்றே சொல்லப்போகிறேன்.

டர்னர் வேலையை விட்டது குழந்தைக்கு எட்டு மாதம் ஆனபோது. பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஆயா, குழந்தை அழாமல் கிடக்கட்டும் என்று தினமும் இருமல் மருந்து புகட்டித் தூங்க வைத்தது தெரிந்துபோனது. அன்று புருஷனும் பெண்டாட்டியும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பேசினார்கள். அவளுடையது நிரந்தர வேலை. முப்பது ஆண்கள் எழுதிய பரீட்சையில் முதலாவதாக வந்து, கிரேன் கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தவள். அவனுடையது, முதலாளிக்குத் தும்மல் வந்தால் போய்விடுகிற வேலை.

“யாராவது ஒருத்தர் வீட்ல இருக்கணும்,” என்றாள் அவள்.

“நான் இருக்கேன்.”

“ஊரு என்ன பேசும்?”

“ஊரா வந்து பால் கலக்கப்போகுது?”

இவ்வளவுதான் நடந்தது. இதற்குள் எந்தப் புரட்சியும் இல்லை. ஆனால் ஊர் பேசாமல் விடுமா? அவனைப் பெற்றவள் போனில் ஒரு மணி நேரம் அழுதாள். அவன் அண்ணன், நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம், “தம்பி வீட்ல இருந்தே பிசினஸ் பண்றான்,” என்று அறிமுகம் செய்துவைத்தான். என்ன பிசினஸ் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். பெண்டாட்டி சம்பாத்தியத்தில் உட்கார்ந்து தின்கிறான் என்பதை ஒருவர் கூட மாற்றிச் சொல்லிப் பார்க்கவில்லை. அவன் எங்கே உட்கார்ந்தான்? காலையில் நாலரைக்கு எழுந்தால், பகல் சாப்பாட்டுக்குத்தான் இடுப்பு தரையில் படும்.

லேத்தில் காட்டிய கறாரை வீட்டிலும் காட்டினான். மகளுக்கு முடி வளர்ந்ததும், ஜன்னல் கம்பியில் மூன்று கயிறுகளைக் கட்டி, பத்து நாள் பின்னிப் பழகிவிட்டுத்தான் அவள் தலையில் கை வைத்தான். வகிடு நூல் பிடித்த மாதிரி இருக்கும். சீருடைப் பாவாடையின் விளிம்பை உள்ளே மடித்துத் தைத்து, அவள் வளர வளர ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிடுவான். ஏழு வயதில் அவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது பதினோரு நாள் அவள் பாதங்களைத் தன் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். மகளும் அவனிடம் ஒட்டிக்கொண்டாள். அம்மாவிடம் ‘நீங்க’, அப்பாவிடம் ‘நீ’. “வாப்பா, போப்பா, இதைப் பிடிப்பா” என்று வீடெல்லாம் அவள் குரல்தான். அந்த ‘நீ’க்காக அவன் இன்னும் பத்து ‘அண்ணி’யைத் தாங்கியிருப்பான்.

நாலாம் வகுப்பில் ஒரு டீச்சர், பிள்ளைகளை வரிசையாக எழுப்பி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். இவள் எழுந்து நின்று கணீரென்று, “சமைக்கிறார்,” என்றாள்.

“எந்த ஹோட்டல்ல?”

“ஹோட்டல்ல இல்ல டீச்சர், வீட்ல.”

வகுப்பு சிரித்தது. பிள்ளைகள் சிரித்தால் பரவாயில்லை, டீச்சரும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த வருடம் முழுக்க இவளுக்கு ‘சமையக்காரி பொண்ணு’ என்று பெயர். மறுநாளிலிருந்து, கூட வந்த அப்பாவைத் தெருமுனையிலேயே நிறுத்தினாள். “இங்கயே நில்லுப்பா. நான் போய்க்கிறேன்.” அவன் நின்றான். ஆறாம் வகுப்புக்கு நகரத்தின் பெரிய பள்ளிக்கு மாறியபோது, சேர்க்கை நாளன்று அலுவலக ஜன்னலில் விண்ணப்பத்தை நீட்டியதோடு சரி. அதற்குப்பின் அவன் அந்த வாசலை மிதிக்கவில்லை. பெற்றோர் கூட்டம் எப்போது என்று கேட்டால், “எங்க ஸ்கூல்ல அதெல்லாம் கிடையாதுப்பா,” என்பாள். கூட்டமே நடத்தாத பள்ளிக்கூடம் உலகத்தில் எங்கே இருக்கிறது? அவனுக்கும் தெரியும். நம்புவது சௌகரியமாக இருந்தது, நம்பினான்.

ஒன்பதாம் வகுப்பில், பல பள்ளிகள் கலந்துகொண்ட கட்டுரைப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு கிடைத்தது. கட்டுரையை விழாவில் அவளே படிக்க வேண்டும், பெற்றோரை மேடைக்கு அழைத்துப் பரிசு கொடுப்பார்கள் என்று கடிதம் வந்தது. எதைப் பற்றிய கட்டுரை என்று கேட்டதற்கு, “சும்மா ஒரு தலைப்புப்பா,” என்றாள்.

“நானும் வர்றேனே?”

“அம்மா மட்டும் வந்தா போதும்ப்பா. ஒருத்தருக்குத்தான் எடம்.”

அவனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். நாலு பேர் இருக்கிற இடத்தில் யாராவது, “நீங்க யாரு?” என்று கேட்க வேண்டும். அவன், “நான் இந்தப் பிள்ளையோட அப்பா,” என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை போதும். எல்லா ஆண்களுக்கும் கேட்காமலே கிடைக்கிற அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல இவனுக்குப் பதினாலு வருடமாக வாய்க்கவில்லை.

விழா நாளன்று மகள் காலையிலேயே கிளம்பிப் போய்விட்டாள். பதினொரு மணிக்கு மனைவி போன் செய்தாள்.

“ஏங்க, கப்பல் உள்ள வந்துடுச்சு. என்னை மாத்திவிட ஆளில்ல. நீங்க போங்க.”

“அவ உன்னைத்தான் வரச் சொன்னா.”

“பிள்ளை மேடையில நிக்கும்போது நம்ம வீட்டு ஆளு ஒருத்தராவது வேணாமா? நீங்க அப்பாதானே, போங்க.”

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நீலச் சட்டையை இரண்டு தடவை தேய்த்தான். காலர் சரியில்லை என்று மூன்றாவது தடவையும் தேய்த்தான். பேருந்தில் நசுங்கிவிடும் என்று கடைசி வரை நின்றுகொண்டே போனான்.

அரங்கத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். வாசலில் நின்ற வகுப்பாசிரியை, மகளின் பெயரைக் கேட்டதும் முகம் மலர்ந்து, “அம்மா வரலையா? பரவாயில்ல, நீங்களாவது வந்தீங்களே,” என்று மூன்றாம் வரிசையில் தன் பக்கத்திலேயே உட்கார வைத்தாள். நீங்க யாரு என்று கேட்பாள் என்று அவன் வாயைத் தயாராக வைத்திருந்தான். அதற்குள் மகளை ஒலிபெருக்கி முன்னால் அழைத்துவிட்டார்கள்.

“கட்டுரையின் தலைப்பு: என் தந்தை,” என்றாள் மகள்.

அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ‘சும்மா ஒரு தலைப்பு’ என்று ஏமாற்றியிருக்கிறாள் திருட்டுக் கழுதை!

“என் தந்தை கிரேன் ஓட்டினார். வானத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கப்பல்களைக் காலி செய்தார். எனக்கு நினைவு தெரியும் முன்பே ஒரு விபத்தில் இறந்துபோனார். அவர் முகம் எனக்கு நினைவில்லை.”

டர்னர் முதலில் மகள் வேறு யாருடைய தாளையோ மாற்றிப் படிக்கிறாள் என்றுதான் நினைத்தான்.

“தந்தை இல்லாத குறையை என் அம்மா எனக்குத் தெரியவிடவில்லை,” என்று அவள் தொடர்ந்தாள். “ஜன்னல் கம்பியில் மூன்று கயிறுகளைக் கட்டிப் பின்னிப் பழகிய பிறகே என் கூந்தலைத் தொட்டார் என் அம்மா. காய்ச்சலில் நான் கிடந்த பதினோரு நாளும் என் பாதங்கள் அவர் மடியில் இருந்தன. என் பாவாடையின் மடிப்புகளைப் பிரித்துப் பிரித்தே நான் வளர்ந்த கதையை அவர் எழுதினார்.”

ஒன்றும் விடுபடவில்லை. அவன் மறந்தவற்றைக்கூட அவள் மறக்கவில்லை. அவன் செய்த ஒவ்வொன்றும் அதில் இருந்தது, அவன்தான் இல்லை. பக்கத்தில் ஆசிரியை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிசுகிசுத்தாள்.

“பாருங்களேன், பொம்பளைக்குப் பின்னத் தெரியாதாம், கயிறு கட்டிப் பழகினாங்களாம்! புருஷன் போனதுக்கப்புறம் அவர் வேலையையும் அவங்கதானே பாக்கறாங்க. வீட்டையும் பாத்து, வேலையையும் பாத்து... பாவம்.”

“அப்பா இல்லைன்னு யாரு சொன்னது?” என்று அவன் கேட்டான். அவன் குரலே அவனுக்குப் புதிதாக இருந்தது.

“அட்மிஷன் ஃபாரத்துலயே ‘இல்லை’ன்னு எழுதியிருக்கே. அதைப் பாத்துத்தான் கிளார்க் ரெஜிஸ்டர்ல ஏத்தினார்.”

எழுதியது அவன்தான். ‘தந்தையின் தொழில்’ என்ற கட்டத்தில் முதலில் ‘வீட்டு வேலை’ என்று எழுதினான். பக்கத்தில் நின்ற பதினோரு வயது மகள் அதைப் பார்த்தாள், கண் கலங்கியது. அடித்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதினான். தொழில் இல்லை என்றுதான் எழுதினான். வாசித்தவனோ தந்தை இல்லை என்று எடுத்துக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. தொழில் இல்லாத தகப்பனைப் போட நம் பதிவேடுகளில் வேறு இடம் ஏது?

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. தலைமையாசிரியை எழுந்து, “இந்தக் குழந்தையோட வீட்ல இருந்து வந்திருக்கறவங்க மேடைக்கு வாங்க,” என்றாள். அப்போதுதான் மகள் மூன்றாம் வரிசையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

“ஸார், நீங்க அவளுக்கு என்ன வேணும்?” என்று ஆசிரியை பேனாவைத் திறந்தாள். “அறிவிக்கணும்.”

கேட்டேவிட்டார்கள். ஒரு சொல் சொன்னால் போதும், பரிசு போகும், பெயர் போகும், இந்த முந்நூறு பேரும் சிரிப்பார்கள், நாலாம் வகுப்புச் சிரிப்பு போல ஒரு வருடத்தில் ஓயாது. அவன் மகளைப் பார்த்தான்.

“மாமா,” என்றான். “அவ அம்மாவோட தம்பி.”

மேடையில் தலைமையாசிரியை அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “தகப்பன் இல்லாத பிள்ளை. தாய்மாமன் நீங்கதான் பாத்துக்கணும்,” என்றாள். பாத்துக்கறேன் என்றான். மகள் ஓர் அடி முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “நீங்க வந்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ், மாமா,” என்றாள். பிறந்ததிலிருந்து அவள் அவனை ‘நீங்க’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தக் குரலில் ஒரு பிசிறு கூட இல்லாததுதான் அவனைக் கொன்றது.

திரும்பி வரும்போது பேருந்தில் கூடப் படிக்கிறவள் ஒருத்தி இருந்தாள். அவள் இறங்குகிற வரை மகள் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பினாள்.

“மொத வாரமே டீச்சர் என் தலையைத் தடவி, அப்பா இல்லாத பிள்ளையான்னு கேட்டாங்கப்பா. யாரும் சிரிக்கல. அதான் நான் ஒண்ணும் சொல்லல.”

அவன் தலையாட்டினான்.

“அம்மாவுக்குச் சொல்லாதப்பா.”

“சொல்லல.”

“கோவமா?”

“இல்லடா.”

பொய் இல்லை. கோபத்துக்குக்கூட ஒரு திராணி வேண்டும். அவள் அவன் முழங்கைக்குள் கையை நுழைத்துக்கொண்டாள். ஏதோ நல்ல யோசனை வந்த மாதிரி அவள் முகம் பளிச்சென்று ஆனது.

“ஒண்ணு பண்ணலாமாப்பா? மேடத்துக்கு உன்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இனிமே பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கெல்லாம் நீ வரலாம். மாமாவா வந்தா ஒரு பிரச்சனையும் இல்ல. ஸ்கூல் முடியற வரைக்கும்தானே, மூணு வருஷம். வருவியா?”

அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அப்பாவுக்குப் பிடித்ததை அப்பாவுக்குக் கொடுக்கிற சந்தோஷத்தில் கேட்டாள்.

“வர்றேன்டா,” என்றான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குப் போனான். வருகைப் பதிவேட்டில் ‘உறவு’ என்ற கட்டத்தில் மாமா என்று எழுதி, கையெழுத்துப் போட்டான். அந்த மூன்று வருடத்தில் ஒரு கூட்டத்தையும் அவன் தவறவிடவில்லை.