வாசலில் நின்றவனுக்குப் பதில்

லுயிகா இருபத்தேழு வருஷமாக ஹவாய் மொழியில் பாடம் நடத்துகிறாள். முதல் பத்து வருஷம் அந்த மொழியில் பாடப் புத்தகமே கிடையாது. ஆங்கிலப் புத்தகத்து வரிகளின் மேல், தான் மொழிபெயர்த்து எழுதிய காகிதத் துண்டுகளை ஒட்டுவாள். ஹீலோ ஊர் மழையில் பசை காயாது. சோற்றில்கூட பசை நாற்றம் என்று அவள் கணவன் கிமோ திட்டிக்கொண்டே கத்தரித்துக் கொடுப்பான்.

பகுதிக் கல்விக் குழுவில் ஒன்பது பேர். ஒருவருக்கும் அந்த மொழியில் ஒரு வாக்கியம் வராது. வருஷா வருஷம் அவள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் பரீட்சை வைத்து, தேறவில்லை என்று எழுதுவார்கள். இந்த வருஷம் வகுப்பையே மூடலாமா என்ற பேச்சு வந்துவிட்டது. தாய்மொழி வகுப்பு நடத்தத் தெரிந்தவருக்கு குழுவில் ஓர் இடம் வேண்டும் என்று அவள் பதினோரு வருஷம் கேட்டு, பத்தாவது நாற்காலி கிடைத்தது. லுயிகா விண்ணப்பித்தாள். கிளைட் மெடெய்ரோஸும் விண்ணப்பித்தான். கடலோர ஹோட்டலில் புது ஆட்களுக்கு விருந்தினரை வரவேற்கக் கற்றுத் தருபவன்.

குழுத் தலைவி பெவர்லி போன் செய்தாள்.

"ஆன்ட்டி, உங்கள மாதிரி யாரும் கிடையாது. ஆனா நீங்க ஒரு பக்கத்து ஆளாயிட்டீங்க. குழுவுக்கு நடுநிலையா ஒருத்தர் வேணும். கிளைட்டப் போட்டிருக்கோம்."

"அவனுக்கு மொழி தெரியுமா?"

"கத்துக்கிறாராம். ஒரு உதவி பண்ணணுமே. அவர் வாசல்ல நின்னு பாடறதுக்கு நீங்க எழுதிக் கொடுங்க. உள்ள கூப்பிடற பாட்டையும் நீங்களே பாடிடுங்க. பிள்ளைங்களக் கூட்டிட்டு வாங்க. பத்திரிகைக்காரங்க வராங்க."

அந்த ஊர் வழக்கப்படி, வருபவன் வாசலில் நின்று பாடி அனுமதி கேட்க வேண்டும். உள்ளிருப்பவர்கள் பாடி அழைக்கும்வரை காலெடுத்து வைக்கக் கூடாது. பதில் வராவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அதைவிடப் பெரிய அவமானம் அங்கே இல்லை.

"எழுதிக் குடுத்துட்டியாமே?" என்றான் கிமோ.

"குடுத்தேன். தப்பும் தவறுமா அவனே எழுதிப் பாடினா மொழிக்குத்தான் கேவலம்."

"பதில் பாடப் போறியா?"

அவள் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவன் நிப்பானே."

"நிக்கட்டும்."

கூட்டத்தன்று கிளைட் இலைமாலையோடு வாசலில் நின்றான். நல்ல குரல். அவன் அம்மா பிறந்த கரும்புத் தோட்டம், அங்கே பெய்யும் மழையின் பெயர், எல்லாம் லுயிகா எழுதியது. பாடி முடித்துக் காத்திருந்தான். உறுப்பினர்கள் ஒன்பது பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மேஜையைப் பார்த்தாள்.

மறுபடி பாடினான்.

"ஆன்ட்டி," என்றாள் பெவர்லி, சிரிப்பு மாறாமல். "உங்க முறை."

ஏசி இரைந்துகொண்டிருந்தது. கிளைட்டின் காது சிவந்துவிட்டது. மூன்றாவது முறை தொடங்கியபோது மழையின் பெயரில் குரல் உடைந்தது. லுயிகாவுக்கு உடம்பெல்லாம் சுகமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு சுகத்தை அவள் அறிந்ததில்லை. இன்னும் ஒரு நிமிஷம். அவன் திரும்பிப் போய்விடுவான். நாற்காலி காலியாக இருக்கும்.

பின்வரிசையில் பிள்ளைகளோடு இருந்த நாஹிகு எழுந்தாள். ஒன்பது வயது. கேட்பவரை வாசலில் நிற்க விடக்கூடாது என்பது முதல் வகுப்பின் முதல் பாடம். குமுவுக்கு, அதாவது டீச்சருக்கு, பாட்டு மறந்துவிட்டது என்று நினைத்தாள். ஒருமுறை குமுவைப் பார்த்துவிட்டு, மூச்சிழுத்துத் தொடங்கினாள். மற்ற பத்துப் பிள்ளைகளும் எழுந்தார்கள். பதினோரு குரல். எங்கே மூச்சு விட வேண்டும் என்று லுயிகா சொல்லிக் கொடுத்தாளோ அங்கேதான் விட்டார்கள்.

கிளைட் அழுதுகொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தான். கேமராக்கள் மின்னின.

முதல் விஷயமே வகுப்பை மூடுவது. பொதுமக்கள் பேச ஆளுக்கு இரண்டு நிமிஷம். லுயிகா தன் மொழியில் பேசினாள். யாரும் குறுக்கிடவில்லை. அவள் முடித்ததும் கிளைட் கையைக் கூப்பினான்.

"ஆன்ட்டி, அவ்வளவு அழகா இருந்துது. பதிவுக்காக அதையே இங்கிலீஷ்ல சொல்லிடுங்களேன்."

மணி அடித்தது.

"நேரம் முடிஞ்சுதே," என்றாள் பெவர்லி. "கிளைட், இதுல நிபுணர் நீங்க. சொல்லுங்க."

கிளைட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இந்தக் குழந்தைங்க பாடினத எல்லாருமே கேட்டீங்க. இதுக்கு மேல என்ன வேணும்? மொழி பிழைச்சிடுச்சு. தனி வகுப்பு தேவையில்ல. வாரத்துல ரெண்டு பாட்டு கிளாஸ் போதும்."

பத்துக் கைகளும் உயர்ந்தன.

வெளியே மழை. பிள்ளைகள் கூரைக்குக் கீழே ஸ்பாம் என்ற டப்பா இறைச்சி வைத்த சோற்றுருண்டையைத் தின்றுகொண்டு வேனுக்காக நின்றார்கள். நாஹிகு விரலை நக்கிக்கொண்டே கேட்டாள்.

"குமு, நடுவுல மறந்துட்டீங்கல்ல?"

"ஆமா."

"நாங்க சரியாப் பாடினோமா?"

"ஒரு எழுத்துகூடப் பிசகல."

நாஹிகு ஓடிப் போய் மற்றவர்களிடம் சொன்னாள். வேன் வரும்வரை அதையே திரும்பத் திரும்பப் பாடினார்கள்.