மாஸ்டருக்கு ஒரு பெனால்டி

கிளப் பீரோவில் கொடியைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம். வெளியே மாதா கோயில் திடலில் பாதிப் பேர் "மாஸ்டர் வரட்டும்" என்றும், மீதிப் பேர் "வந்தா காலை ஒடிப்போம்" என்றும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவரை வரவேற்க ஏற்றப்போகும் கொடியைத்தான் என்னை எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். கொடி கிடைக்கவில்லை. அது இருக்க வேண்டிய தட்டில் கிளப்பின் நீல அட்டை நோட்டு கிடந்தது. சும்மா புரட்டினேன். விதிகள் எழுதிய பக்கத்தில் கண் நின்றது. ஏழாவது விதியை இரண்டு முறை படித்துவிட்டு, நோட்டைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து, "கொடி இல்லீங்க" என்றேன்.

"கொடி இல்லன்றதுக்கு ஏன் இப்பிடிச் சிரிக்கிறா இவ?" என்றார் ஒருவர்.

மாஸ்டர் என்பவர் எங்கள் கால்பந்து டீமின் பழைய மேனேஜர். அதியமான்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊரில் காட்டு வேலைக்குப் போகிறவரும் டவுன் வேலைக்குப் போகிறவரும் மாலை ஐந்தானால் திடலில்தான் இருப்பார்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பது, ஓடவிடுவது, திட்டுவது எல்லாம் மாஸ்டர்தான். அவர் காலத்தில் மூன்று கோப்பைகள் வந்தன. அவை இன்னும் அந்த பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. இதை நான் மறுக்க மாட்டேன். மூன்றையும் மைக்கில் அறிவித்தவளே நான்தான். பிளஸ் ஒன் படிக்கும்போது பிடித்த மைக்கை, இன்ஜினியரிங் முடித்து நாலா பக்கமும் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கும் இன்றுவரை விடவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் திருவிழா டோர்னமெண்டில் பைனலுக்கு வந்தோம். எதிரே பாப்பாரப்பட்டிப் பக்கத்து டீம். பைனலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மாஸ்டர் அந்த டீமுக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர்கள் அப்படிப் போக முடியாது. டோர்னமெண்ட் தொடங்கும்போதே பெயர்களை எழுதி கோயில் ஃபாதரிடம் லிஸ்ட் கொடுத்துவிட வேண்டும். ஆனால் அந்த லிஸ்டில் மேனேஜருக்கு இடமே கிடையாது. மேனேஜர் ஓடிப்போவார் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றவில்லை.

அவர் தனியாகப் போயிருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. என் அண்ணனின் விரலையும் எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன்தான் எங்கள் கீப்பர். தொப்பூர் பக்கம் ஒரு லாரி பட்டறையில் வேலை செய்கிறான். ஒருமுறை ஜாக்கி நழுவி, அவனுடைய இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் நசுங்கின. ஆறிய பிறகும் அவை சரியாக மடங்கவில்லை. இது வீட்டுக்கும் மாஸ்டருக்கும் மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மாஸ்டரே அந்த இரண்டு விரலையும் சேர்த்து பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் கிளவுஸை மாட்டிவிடுவார். "இடது பக்கம் தரையோட வர்ற பந்து உனக்கு ஆவாது தம்பி. வெளிய மூச்சு வுடாத. நான் பாத்துக்கறேன்" என்பார்.

நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். பைனலில் எங்களுக்கு மூன்று கோல் விழுந்தது. மூன்றும் இடது பக்கம், தரையோடு. முதல் கோலை மைக்கில் அறிவித்தேன். இரண்டாவதையும் அறிவித்தேன். மூன்றாவது விழுந்தபோது கோட்டுக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்ற மாஸ்டரைப் பார்த்தேன். அவர் பந்தைப் பார்க்கவில்லை, வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த கோலை நான் அறிவிக்கவில்லை. கோப்பை கொடுத்த பிறகு அண்ணனிடம் வந்து தோளைத் தட்டினார். "மனசுல வெச்சுக்காத தம்பி. ஆட்டம்னா ஆட்டம்தான்."

அண்ணன் வைத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, நான் வைத்துக்கொண்டேன். அவன் அதன்பிறகு திடலுக்கு வருவதில்லை. பட்டறையிலிருந்து திரும்பும்போது திடல் ரோட்டை விட்டுவிட்டு, கரும்புக்காட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வருவான். ஒரு நாள் கிளவுஸைக் குப்பையில் போட்டிருந்தான். எடுத்துத் துவைத்து, என் சர்டிபிகேட் ஃபைலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

இப்போது மாஸ்டருக்கும் அந்த டீமுக்கும் ஏதோ மனஸ்தாபமாம். திரும்பி வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தார். டீக்கடை இரண்டாகப் பிளந்துவிட்டது.

"ரெண்டு வருசமா மொத ரவுண்டுலயே மூட்டையக் கட்டுறோம். அவுரு வந்தாத்தான்டா கப்பு வரும்."

"கப்பு வேணும்னா பாத்திரக் கடையில வாங்கிக்கோ மாமா."

"ஏண்டா, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வூட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்தா, சேத்துக்க மாட்டியா?"

"போவும்போது பீரோ சாவிய எதிர் வூட்டுக்காரன் கையில குடுத்துட்டுப் போனா, எப்பிடி மாமா சேத்துக்கறது?"

டீக்கடைக்காரர் இரண்டு பக்கத்துக்கும் டீ போட்டுப் போட்டுக் களைத்துப்போய், "நீங்க சண்ட போடுங்க, கிளாஸை மட்டும் ஒடைக்காதீங்க" என்றார்.

மறுநாள் பூசை முடிந்ததும் எல்லோரும் திடலில் கூடினார்கள். மாஸ்டர் பைக்கில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அதே விசில். கொஞ்சம் தொப்பை. கொடி இல்லாததால் யாரோ பலூன் கட்டியிருந்தார்கள். அவருக்காக மைக் வைத்திருந்தார்கள். நான் எடுத்துக்கொண்டேன்.

"கிளப் ரூல் நோட்டு, ஏழாவது விதி" என்று ஆரம்பித்து நிறுத்தி நிதானமாகப் படித்தேன். கிளப்பை விட்டு எதிரணிக்குப் போனவர் திரும்பி வந்தால், திடலில் எல்லோர் முன்னிலையிலும் ஒரே ஒரு பெனால்டி அடிக்க வேண்டும். கோல் விழுந்தால் சேர்த்துக்கொள்ளலாம். விழாவிட்டால் அந்த சீசன் முழுக்க அவர் திடலுக்குள் கால் வைக்கக் கூடாது. அவர் விட்டுப்போன சமயத்தில் யார் கீப்பரோ, அவரேதான் கோலில் நிற்க வேண்டும். அந்தக் கீப்பர் வந்து நிற்காவிட்டால் கோல் விழுந்ததாகவே கணக்கு.

கீழே பச்சை மையில் கையெழுத்து. மாஸ்டருடையது.

எங்கள் டீமில் கோபித்துக்கொண்டு வேறு டீமுக்குப் போய், ஆறே மாதத்தில் திரும்பி வந்த ஒரு ஃபார்வர்டுக்காக அவரே எழுதிய விதி அது. "யாரை வுட்டுட்டுப் போனானோ, அவன் மூஞ்சியப் பாத்து அடிக்கட்டும்" என்று அன்று சிரித்தார். ஃபார்வர்டு அடித்தான், அண்ணன் பிடித்தான். அந்த சீசன் முழுக்க ஃபார்வர்டு மதிலுக்கு வெளியே சைக்கிளில் ஏறி நின்று ஆட்டம் பார்த்தான். இப்போது அவன்தான் கூட்டத்திலிருந்து முதல் குரல் கொடுத்தான்.

"எனக்கு ஒரு ரூலு, உங்களுக்கு ஒரு ரூலாங்க மாஸ்டர்?"

மாஸ்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் சுருங்கும் என்று ஒரு இரவு முழுக்க ஆசைப்பட்டிருந்தேன். அவர் சிரித்தார்.

"என் கையெழுத்துதான். அடுத்த ஞாயித்துக்கெழம அடிக்கறேன். ஆனா பாப்பா, உங்கண்ணன் வந்து நிப்பானா? மொதல்ல அவனக் கூட்டிக்கிட்டு வா."

அவர் பக்கத்து ஆட்கள் கை தட்டினார்கள். மைக்கை ஆஃப் செய்ய மறந்துவிட்டேன். நான் எச்சில் விழுங்கிய சத்தம் திடல் முழுக்கக் கேட்டது.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலில் பைக் செயினுக்கு ஆயில் விட்டுக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டான்.

"உன்னை யார் பாப்பா இதெல்லாம் பண்ணச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவமானப்படணும் அவுரு. எல்லாரும் பாக்க."

"நான்தான் படுவேன். இடது பக்கம்தான் அடிப்பாரு."

"ஆமா."

"தரையோட."

"ஆமாண்ணா."

"அப்புறம் என்னா?"

போனை எடுத்து அவன் கையில் வைத்தேன். ஐந்து வருட வீடியோக்கள் என்னிடம் இருக்கின்றன. பிராக்டீஸில் பசங்களுக்கு பெனால்டி அடித்துக் காட்டும் மாஸ்டர். ஒவ்வொரு முறையும் அதே பாடம்: "எதிராளிக்கு எங்க வலிக்குமோ, அங்க அடி." ஒரு தடவைகூட அவர் வேறு மாதிரி அடித்ததில்லை.

"உலகத்துல எந்தக் கீப்பருக்காவது பந்து எந்தப் பக்கம் வரும்னு ஒரு வாரம் முன்னாடியே தெரியுமாண்ணா?"

அவன் வீடியோவை மறுபடி ஓட்டினான். இன்னொரு முறை. செயினிலிருந்து ஆயில் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"புடிக்க முடியாது பாப்பா. வெரல் மடங்காது."

"யாரு புடிக்கச் சொன்னா? அவுரு கால் தூக்கும்போதே நீ அங்க போய் விழு. கை வேணாம், ஒடம்பு போதும். நெஞ்சுல பட்டு வெளிய போவட்டும்."

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். அரை மணி நேரம் கழித்து, சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"அந்தக் கிளவுஸ குப்பையில போட்டேனே. எடுத்தியா?"

மாஸ்டர் இல்லாவிட்டால் இந்த வருடமும் முதல் சுற்றோடு போய்விடுவோம் என்று எனக்குத் தெரியும். போகட்டும். ஞாயிற்றுக்கிழமை மைக் என் கையில் இருக்கும். அறிவிக்க வேண்டிய வாக்கியத்தைக்கூட எழுதிவைத்துவிட்டேன். "மனசுல வெச்சுக்காதீங்க மாஸ்டர், ஆட்டம்னா ஆட்டம்தான்."

அதற்கு முன்னால் ஆறு காலைகள் இருக்கின்றன. பிராக்டீஸுக்குத் திடலுக்கு வர மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டதால், கேழ்வரகு அறுத்த எங்கள் காட்டில் இரண்டு கம்பு நட்டிருக்கிறேன். பன்னிரண்டு எட்டு எடுத்து வைத்து, பந்து வைக்கும் இடத்தில் சுண்ணாம்பும் கொட்டியாகிவிட்டது. நான் இதுவரை பந்தை மைக்கில் மட்டுமே அடித்திருக்கிறேன். நாளை விடிந்ததும், அவன் பட்டறைக்குக் கிளம்புவதற்குள், நிஜமாகவே அடிக்கப் போகிறேன். அவன் இடது பக்கம், தரையோடு. அவன் விழப் பழகுகிறவரை.